ராக்கெட் ரயிலில் இன்னொரு சுற்று

“போதும்னு கத்துன மனுசன இன்னொரு சுத்து உட்டுட்டான்டி!”

பொருட்காட்சியிலிருந்து முதலியார்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும். சொல்லிவிட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“யார, மாமாவையா?”

“அவரத்தான். புதுசா வந்திருக்கே, ராக்கெட்டு மாதிரி ஜோடிச்ச ரயிலு, நீ வளையல் கடையில நின்னப்ப அதுல நாங்க ரெண்டு பேரும் ஏறுனோம். உச்சிக்குப் போயி சர்ருனு எறங்குச்சு பாரு! இவரு கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ‘அசே! அசே!’ன்னு கத்துறாரு.”

“அப்படின்னா?”

“பிரெஞ்சுல போதும்னு அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த பழக்கம். ரயில ஓட்டுறவன் விழுப்புரத்தான், பிரெஞ்சு தெரியாது. அவன் காதுல ‘ஆசை’ன்னு உழுந்திருக்கு. ஐயா ஆசப்படுறாருன்னு நிறுத்தாம உட்டுட்டான்.”

“ஐயையோ! எறங்குனதும் சண்ட போட்டாரா?”

அக்காவின் குரல் தாழ்ந்தது. “ரெண்டாவது சுத்துல கண்ணத் தொறந்துட்டாருடி. கீழ கடலு, லைட்டு, ஜனம், எல்லாம் தெரிஞ்சிருக்கு. சிரிச்சாரு. சைகோன் சண்டையிலேருந்து திரும்பி வந்தப்புறம் அவரு சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிறுத்தம் வந்தது. படியருகே நின்றிருந்த மெலிந்த மனிதர் இருவரையும் இறங்கச் சொல்லிக் கையசைத்தார்.

தங்கை துணிந்து கேட்டுவிட்டாள். “மாமா, நாளைக்கும் ராக்கெட் ரயிலுக்குப் போலாமா? இல்ல, அசேவா?”

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“ஆசை,” என்றார்.

நெடில் எனக்கே தெளிவாகக் கேட்டது.