அணைக்கக் கூடாத கணினி

டீ நன்றாக இருக்கிறது மேடம், சர்க்கரைதான் ஜாஸ்தி. என் கடை உங்கள் ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். ஜெராக்ஸ், பிரிண்ட், கம்ப்யூட்டர் சர்வீஸ். பலகையில் வளவன் என்று என் பெயரே இருக்கும்.

முருகவேல் லாட்ஜில் கணினிகளை இணைத்துக் கொடுத்தவன் நான். கிரிவலத்துக்கு வந்து தங்குகிறவர்களின் ஆதாரை ஸ்கேன் செய்து, அறை எண் போட்டு, ஊழியர்களுக்கான பொதுக் கோப்புறையில் வைப்பார்கள். அதைப் பகிர்கிற மென்பொருளில் ஓர் ஓட்டை. லாட்ஜ் வைஃபையில் சேர்ந்த எவனுக்கும், பாஸ்வேர்டு கேட்காமலே, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிவிடும். ஓட்டையை அடைத்த புதுப் பதிப்பு வந்து ஒரு வருடமாகிறது. அதைப் போட்டு, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பினால் முடிந்தது வேலை.

அணைக்கத்தான் லாட்ஜ் முதலாளி முருகவேல், அந்த மேதை, விடவில்லை. ஜோசியர் குறித்த நேரத்தில் தொடங்கிய கணினியாம். அதற்குச் சந்தனம், குங்குமம். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்க இரண்டு பேட்டரி வேறு. மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் முறை, வரவேற்பறையில் அத்தனை பேர் முன்னால் பதில் வந்தது.

"நல்ல நேரத்துல ஆன் பண்ணதுப்பா. ஜெராக்ஸ் போடறவன் ஜெராக்ஸ் மட்டும் போடு. நம்ம லாட்ஜுல என்னா ராக்கெட் ரகசியமா இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இந்த மாதிரி ஆட்களுக்கு ஏதாவது நடந்தால்தான் உறைக்கும். நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து புகழேந்தி கடைக்கு வந்தார். மனைவி மதிவதனியைக் காணவில்லை என்று நோட்டீஸ், நூறு காப்பி வேண்டுமாம். படத்தில் இருந்த முகம் எனக்குத் தெரியும். லாட்ஜ் எதிரில் டீ குடிக்கும்போது, ஓட்டை அப்படியே இருக்கிறதா என்று போனில் தினமும் பார்ப்பது என் வழக்கம். முந்தின நாள்தான் அந்த ஆதாரைப் பார்த்திருந்தேன்.

"நோட்டீஸ் வேணாங்க," என்றேன். "முருகவேல் லாட்ஜு. பதினாலாம் நம்பர் ரூம்."

அந்த அறையில் அவர் செய்தது உங்களுக்கே தெரியும். கத்தி நான் கொடுத்ததல்ல.

தெரியாமல் சொன்னேனா என்று கேட்டீர்கள். இல்லை மேடம். ஆதாருக்குப் பக்கத்திலேயே அந்தப் பெண் லாட்ஜுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். 'என் கணவர் வந்து கேட்டால் நான் இங்கே இல்லை என்று சொல்லுங்கள். இந்த முறை கொன்றுவிடுவார்.' அழகான கையெழுத்து. முழுதாகப் படித்திருந்தேன். புகழேந்தியைப் பார்த்ததும் அந்த வரி ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் அறை எண்ணைச் சொன்னேன்.

கொலை நடந்த மறுநாள் முருகவேல் போன் செய்தார். "வளவன் சார், உடனே வாங்க," என்றார். என்னைச் சார் என்று அவர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நல்ல நேரம் பார்க்காமல் கணினியை அணைத்தேன். பத்து நிமிட வேலை.

இனி அந்த லாட்ஜில் தங்கும் எந்தப் பெண்ணின் விவரமும் வெளியே போகாது. மதிவதனி உயிரோடு இருந்திருந்தால் எனக்கு நன்றி சொல்லியிருப்பார்.