குதிரை மிரளாத குரல்

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேச்சு பேருந்து முழுக்கக் கேட்டது. மற்றவர் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் மாதிரி முணுமுணுத்தார்.

“என்னலே மக்கா, தொண்ட கெட்டிப்போச்சா?”

“இல்லலே. நான் பேசினா குதிர மிரளுது.”

அதன் பிறகு நான் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“எந்தக் குதிர?”

“பிள்ளையளுக்கு குதிர ஓட்டப் படிச்சுக் குடுக்குத எடத்துக்கு எனக்க மவ போறால்லா. கூட்டிட்டு வரப் போனேன். வேலிக்கு வெளிய நின்னு, ‘ஏட்டி, வா போவோம்’னேன். குதிர காதப் பின்னால மடக்கிட்டு வெலகி ஓடப் பாத்துது.”

“வள்ளத்து இஞ்சின் சத்தத்துக்கு மேல கத்திப் பழகின தொண்டல்லா நமக்கு.”

“அத குதிரைட்ட யாரு சொல்லுவா? மவதான் கழுத்தத் தடவி நிறுத்தினா. பெறவு, ‘அப்பா, மெதுவாப் பேசுங்க, அது பயப்படுது’ன்னா. வீட்டுல எனக்க மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசாத பிள்ள. நான் உள்ள வந்தா அவ அடுக்களைக்குப் போயிருவா.”

“சரி, பஸ்சுல எங்கலே குதிர நிக்கி?”

“பழகணும்லா. வீட்டுலயும் இப்பம் இப்படித்தான். பொண்டாட்டி காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாக்கா.”

“மவ?”

“நேத்து நான் சோறு திங்கும்போ பக்கத்துல வந்து இருந்தா மக்கா.”

சத்தக்காரர் ஃபோனை எடுத்துத் தன் வீட்டுக்குப் பேசினார். முன் இருக்கைதான், ஆனாலும் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.