ஒரு பொட்டு சிவப்பு, இரண்டு பொட்டு பச்சை

“ஏமாத்துப் பயலே, வெளிய வாடா!” என்று சிவபாண்டி கார்த்திகேஷ் வீட்டுக் கதவை அடித்துக்கொண்டிருந்தபோது நான் மாவுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். உப்புப் போடும்போது மனசு அலையக் கூடாது. ஒரு கை கூடிவிட்டால் பத்து வீட்டு இட்லி கெட்டுப்போகும்.

“கதவ ஏண்ணே உடைக்கிறீங்க, திறந்துதான கெடக்கு?” என்றாள் உள்ளேயிருந்து கார்த்திகேஷின் தங்கை ரம்யாஸ்ரீ.

திறந்துதான் கிடந்தது. சிவபாண்டியோடு கோபத்தில் வந்திருந்த இருபது பேரும் அதைக் கவனிக்கவில்லை.

“உங்கண்ணன வரச் சொல்லு. எங்க கருப்பு தோக்கணும்னே கேம்ல எதையோ மாத்தி வச்சிருக்கான். தெருவே பாத்துச்சுல்ல!”

கார்த்திகேஷ் வாசலுக்கு வந்து, “ஆமாண்ணே, தப்பு என்னோடதுதான்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். சண்டைக்கு வந்தவர்களுக்கு அதைவிட ஏமாற்றம் வேறு கிடையாது.

நீங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை. முன்னால் இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேட்டீர்கள். வேறு யாரிடமும் கேட்காதீர்கள், கண்டபடி சொல்வார்கள். செய்தவள் நான். அதனால் என்னிடமே கேட்பதுதான் முறை.

என் பெயர் செல்லக்கிளி. பிறந்தது பேரையூர்ப் பக்கம். செல்லூரில் இந்தச் சந்துக்குள் இருபத்தெட்டு வருடமாக இட்லி மாவு விற்கிறேன். மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை நீட்டிவிட்டுச் சும்மா நிற்பதில்லை, பேசுவார்கள். நான் கேட்டுக்கொள்வேன். அடுத்து வருகிறவர்கள் கேட்டால் சொல்வேன். இதற்குச் சிலர் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஒரே மகன், கருப்பு. கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை, கொஞ்சம் சோம்பேறி. தட்டில் மல்லிச் சட்னியும் தக்காளிச் சட்னியும் வைத்தால் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் எது எது என்று சொல்வான். கண்ணால் பார்க்கக்கூட அவ்வளவு சோம்பல்.

கார்த்திகேஷ் அவனுடைய சிநேகிதன். சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா அம்மா இல்லை, அண்ணனும் தங்கையும் மட்டும். வெளியே வேலைக்குப் போகாமல் இரண்டு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுச் செய்தான். ஒரு பஸ் ஸ்டாண்டு. கலர் கலராய் பஸ்கள் நிற்கும். கண்டக்டர் குரல் “சிவப்பு, பேரையூர்!” என்று கத்தும். உடனே சிவப்பு பஸ்ஸைத் தொட்டால் ஆட்கள் ஏறிப் போவார்கள். தப்பாகத் தொட்டால் எல்லோரும் மேலூரில் இறங்கி, கையைக் காலை ஆட்டித் திட்டுவார்கள். கண்டக்டர் குரல் எங்கள் தெரு ஷேர் ஆட்டோ வீரணனுடையது. அவருக்கு அது நடிப்பே இல்லை.

நானும் விளையாடுவேன். அரிசி ஊறும் நேரத்தில் வேறு என்ன செய்வது? ஒரு நாள் பார்த்தால் பஸ்களின் மேல் வெள்ளைப் பொட்டுகள் வந்திருந்தன. சிவப்புக்கு ஒரு பொட்டு, பச்சைக்கு இரண்டு, காவிக்கு மூன்று.

“இது எதுக்குய்யா? பஸ்ஸுக்கு அம்மை போட்டிருக்கா?” என்றேன்.

“சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது அத்தை. ரெண்டும் ஒரே மண்ணு கலரா இருக்கும். அவங்க பொட்ட எண்ணிக்கிட்டு ஆடலாம்ல. பொட்டு பிடிக்கலன்னா செட்டிங்ஸ்ல போயி மாத்திக்கலாம். இங்க பாருங்க.” விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். நல்ல பொறுமைசாலி.

“அப்படி யாருக்குய்யா இருக்கு?”

“நூறு ஆம்பளைல ஏழெட்டுப் பேருக்கு இருக்கும் அத்தை. பெரும்பாலும் அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும்.”

எந்த அம்மாவோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் எனக்கும் வேலை மிச்சம். பையன் வாய் சும்மா இருக்கவில்லை. “நம்ம தெருவுல ஒரு ஆளு ஆட முடியாம ஓரமா நிக்கிறதப் பாத்துட்டுத்தான் இதச் செஞ்சேன்” என்றான்.

“யாரு?”

“அது சொல்லக் கூடாது அத்தை. அவரு கேட்டுக்கிட்டாரு. யாருக்கும் தெரியக் கூடாதாம், குறிப்பா…” என்று ஆரம்பித்தவன், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை.

இருபத்தெட்டு வருடத்தில் இந்தச் சந்துக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு கருகூடத் தங்கியதில்லை. மூன்றாம் வீட்டுச் சோலையம்மாள் மருமகள் மாசமாக இருப்பதை, அவள் மாவு வேண்டாமென்று பாத்திரத்தைத் திருப்பிய விதத்திலேயே சொன்னவள் நான். அப்படிப்பட்டவளிடம் ‘குறிப்பாக’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனால் எப்படித் தூங்குவது? அது இரக்கமில்லாத காரியம். அதை யாரும் பேசுவதில்லை.

சிவபாண்டி மேல்தான் எனக்குச் சந்தேகம். இளைஞர் மன்றச் செயலாளர், ஆனால் கிளிப்பச்சைச் சட்டைக்கு மாந்தளிர்க் கலர் பேன்ட் போடுவான். அடுத்தது வீரணன். சிக்னலில் நின்றதே இல்லை. வாசலில் துணியைக் காட்டி, “இது என்ன கலருப்பா?” என்று இருவரையும் கேட்டுப் பார்த்தேன். சிவபாண்டி, “ஏன் சின்னம்மா, கண்ணுல புரை விழுந்துருச்சா? ஆஸ்பத்திரிக்கு வாரீகளா?” என்று என்னையே வண்டியில் ஏற்றப் பார்த்தான்.

அந்தச் சமயத்தில்தான் இளைஞர் மன்றத்தில் அந்த விளையாட்டுக்குப் போட்டி வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அம்மா வருவதாக ஏற்பாடு. அந்தப் பொட்டு விஷயம் சரியாக வேலை செய்கிறதா என்று நேரில் பார்ப்பார். பிடித்திருந்தால் விளையாட்டையும் எடுத்துக்கொண்டு கார்த்திகேஷுக்கு வேலையும் தருவார். அவனுக்கு இரண்டு வருட உழைப்பு. தங்கை ஒருத்தி டியூஷன் எடுத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

பந்தல் என் வீட்டு வாசலில். போட்டிக்கு விளையாட்டை ஏற்றி வைத்த டேப்லெட்டுக்கு சார்ஜ் என் வீட்டு கிரைண்டர் பிளக்கில். ஞாயிற்றுக்கிழமை காலை கார்த்திகேஷ் அதை என் கையிலேயே கொடுத்து, “பாத்துக்கங்க அத்தை, வந்து வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போனான்.

பார்த்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சுலபம். கலர் தெரிந்தவர்கள் பொட்டைப் பார்ப்பதே இல்லை. பொட்டை நம்புகிறவனுக்குக் கலர் தெரியாது. சிவப்பின் பொட்டைப் பச்சைக்கும், பச்சையின் பொட்டைச் சிவப்புக்கும் மாற்றி வைத்துவிட்டால், தெரிந்தவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே போவான், தெரியாதவன் மட்டும் விழுவான். சல்லடையில் குருணை விழுகிற மாதிரி. யாருக்கும் காயம் கிடையாது. எனக்கு ஒரு பெயர் தெரியும், அவ்வளவே. இரண்டு தட்டுத் தட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பிப் போய்க் கிரைண்டரைப் போட்டேன்.

சிவபாண்டி முதலில் ஆடினான். முப்பத்தொன்று, ஒரு தப்பில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வீரணன் தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டு இருபதோடு நின்றார். தப்பு எதுவும் இல்லை, மெதுவாகத் தொட்டார். மூன்றாவது கருப்பு. முந்தின ஞாயிறு ஆடியதில் நாற்பத்தைந்து எடுத்தவன். கூட்டமே விசிலடித்தது.

“சிவப்பு, பேரையூர்!”

என் மகன் பச்சையைத் தொட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்தார்கள். நானும் சிரித்தேன்.

“பச்சை, உசிலம்பட்டி!” சிவப்பைத் தொட்டான். குனிந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். “சிவப்பு, திருமங்கலம்!” பச்சை. அதற்குப் பிறகு அவன் எதையும் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். ஆட்கள் மேலூரில் இறங்கி இறங்கித் திட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நான் எதையும் தவறவிடுகிறவள் இல்லை, அதனால் இதையும் பார்த்தேன். கார்த்திகேஷ் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கருப்பு அவனை நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஒரு நூல் அளவுதான் ஆட்டினான்.

கம்பெனி அம்மா கார்த்திகேஷிடம் தணிந்த குரலில் கேட்டார்: “குறியை நம்பி ஆடுறவர் இவர்தானா? இவருக்கே உதவலையே?”

பொட்டை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் போதும், கார்த்திகேஷ் தப்பித்திருப்பான். ஆனால் பொட்டு மாறினால் கருப்பு மட்டும் ஏன் தப்பாகத் தொட வேண்டும் என்று அடுத்த ஆள் கேட்பான். கொடுத்த வாக்கு நடுவில் நின்றது. “இல்ல மேடம், கோடிங்ல தப்பு. என் தப்புதான்” என்றான். அந்த அம்மா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, என் மாவைப் புகழ்ந்துவிட்டு, மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டார்.

ரம்யாஸ்ரீ டேப்லெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் வெள்ளையாக ஒரு விரல் ரேகை, உலர்ந்த மாவு. துப்பட்டாவால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டேப்லெட்டை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அழுத்தமான பெண்.

அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன சண்டை. சிவபாண்டி என்னிடமும் வந்தான்.

“சின்னம்மா, டேப்லெட்டு உங்க வீட்டுலதான இருந்துச்சு. யாராச்சும் தொட்டாகளா?”

“நான் மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன்ப்பா. கார்த்திகேஷுதான் காலையில எதையோ நோண்டிக்கிட்டு நின்னான்.”

இதில் பொய் என்று எதுவும் இல்லை. மாவு ஆட்டினேன். அவனும் நோண்டாத நாள் கிடையாது. பெற்றவள் மகனைக் கூட்டத்தில் காட்டிக்கொடுக்க முடியுமா? அவன் கண்ணைப் பற்றி இன்றுவரை நான் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. உங்களிடம் சொல்வதை வெளியில் சொல்லாதீர்கள். மாவு வாங்க வந்த இரண்டு பேரிடம் இதையேதான் சொன்னேன். அவர்களிடமும் இதையேதான் கேட்டுக்கொண்டேன்.

அம்மா வழி என்று அந்தப் பையன் சொன்னதையும் நான் நம்பவில்லை. எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை. என் அப்பா மட்டும் மிளகாய்க் காட்டில் பழுத்ததைப் பறிக்கச் சொன்னால் காயும் பழமும் கலந்து பறித்துத் திட்டு வாங்குவார். அது வெயில்.

இரண்டு மாதத்தில் கார்த்திகேஷும் தங்கையும் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூர் போனார்கள். தெருவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் என்ன செய்வார்கள்? அடுத்த மாதமே கருப்பும் கப்பலூர் வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனான். அங்கே தண்ணீர் நன்றாக இருக்குமாம்.

விளையாட்டு இப்போது எல்லோர் போனிலும் வந்துவிட்டது. அதை வேறு கம்பெனி எடுத்துக்கொண்டது. பொட்டை மாற்றப் போனால் ரகசிய எண் கேட்கிறது. புதிதாக ஒரு பொம்பளையும் வந்திருக்கிறாள். கையில் மாவு வாளியோடு பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்ப்பாள். அவளை ஏற விட்டால் எல்லாப் பொட்டும் இடம் மாறிவிடும். யாரைப் பார்த்துச் செய்தார்களோ. தெரிந்ததும் சொல்கிறேன்.

போன தை மாதம் வீரணன் மாவு வாங்க வந்தவர், “என்ன செல்லக்கிளி, பையன் கல்யாணத்துக்குச் சாப்பாடு போட மாட்டியா?” என்றார். கருப்புக்கும் ரம்யாஸ்ரீக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டது கார்த்திகேஷும் சிவபாண்டியும். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. வாய் திறக்க ஆளில்லை. இந்தத் தெரு ஜனங்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேலை மும்முரத்தில் மறந்திருப்பான். மற்றபடி என் மகனுக்கு என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாது.