எதிர் முகட்டுக்காரன் காட்டிய கை

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய காலை ரயிலில், நைட் ஷிப்டு முடித்த இரண்டு பேர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"மலைக்குப் போனியே நைனா, உச்சியில இன்னா தெரிஞ்சிச்சி?"

"உச்சிக்கே போகலண்ணா. எவனோ ஒருத்தன் எறங்கச் சொல்லிட்டான்."

"ஃபாரஸ்ட்காரனா?"

"யாருன்னே தெரியாது. எதிர் முகட்டுல நின்னுகினு, வெரல கீழ நீட்டி சுத்திக் காட்டினான்."

மூத்தவர் கண்ணைத் திறந்தார்.

"அது நம்ம கிரேனுக்குக் காட்டற கையாச்சே?"

"ஆமாண்ணா. லோடை எறக்குன்னு அர்த்தம். பாத்ததும் கால் தானா திரும்பிடிச்சி. பாதி மலை எறங்கினப்பறம்தான், நாம கிரேன்ல இல்லியேன்னு ஒறைச்சிது."

"அவன் இன்னாத்துக்குக் காட்டினான்?"

"கீழ இருந்த ஏரிய, கூட வந்தவனுக்குக் காட்டிகினு இருந்தான் போல."

"திரும்பி ஏறியிருக்கலாமே?"

"முட்டி கழண்டுபோச்சி. உச்சியில ஒக்காந்தா கடலு தெரியும்னாங்க. ஒரு நாளாவது எவன் மூஞ்சியும் பாக்காம இருக்கலாம்னு போனேன். அங்கயும் ஒருத்தன் கை காட்றான்."

பிறகு மூத்தவர், சிரிக்காமல், ஆள்காட்டி விரலை மேலே நீட்டி மெல்லச் சுழற்றினார். 'லோடைத் தூக்கு' என்பதற்கான கை அதுதான் என்று எனக்கே புரிந்தது.

இளையவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷிப்டு முடிஞ்சிச்சிண்ணா," என்றார். "கைய எறக்கு."