பிரான்ஸ் அரசனின் கவலை

உள்நாட்டுச் சண்டை முடிந்த அடுத்த வருடம். செட்டிபாளையத்தில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்த வரலாற்று மாஸ்டர், கூட வந்தவரிடம் சொன்னார்:

“பிரான்ஸ் அரசன்ட கவலை எனக்கு இப்பதான் விளங்குது.”

“ஏன் மாஸ்டர், ஆரும் தலைய வெட்ட வாறாங்களா?”

“முந்தி கோயில்ல குடி குடியா, ஒவ்வொரு வம்சமாக் கூப்பிட்டுத்தானே காளாஞ்சிப் பிரசாதம் குடுப்பாங்க. எங்கட குடிக்குத்தான் முதல்ல.”

“அத நிப்பாட்டினதே நீங்கதானே. சுனாமி முகாமில எல்லாரும் ஒரே வரிசையில சோத்துக்கு நிண்டம், கோயில்ல மட்டும் என்னத்துக்கு முதலும் கடைசியும் எண்டு கேட்டீங்க. பிறப்பால எல்லாரும் சமமெண்டு எழுதித்தான் பிரான்ஸில அரசனையே இறக்கினாங்க எண்டும் சொன்னீங்க. சனம் கை தட்டிச்சு.”

“ஓம், தட்டிச்சு. நேற்றுத் திருவிழாவில எனக்கு முன்னால நிண்டதெல்லாம் என்னட்டப் படிச்ச பொடியன்மார். எனக்கு வரக்குள்ள காளாஞ்சியே முடிஞ்சுபோச்சு.”

“மறுகா இப்ப எங்க போறீங்க?”

“டவுனுக்கு, கோயில நடத்துற வண்ணக்கரிட்ட. பழையபடி குடி குடியாக் கூப்பிடச் சொல்லப் போறன்.”

“அப்ப இனி வகுப்பில பிரெஞ்சுப் புரட்சி?”

மாஸ்டர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

“அதப் படிப்பிக்கத்தானே வேணும். சோதினைக்கு வரும்.”