அம்மா கை அளவு

— மெதுவா! கிடாரோட கழுத்தைப் பிடிக்கச் சொன்னேன். என் கழுத்தைப் பிடிக்கிற மாதிரில்ல பிடிக்கிற.

— பழக்க தோஷம்.

— சரி, எப்படி இருக்கு?

— இன்னும் தடிமனாத்தான் இருக்கு.

— எங்க?

— இங்க... உள்ளங்கையில முட்டுது.

— போன தடவையும் அங்கதான் முட்டுதுன்ன. எடுத்தேனே!

— இருக்கறதைத்தானே சொல்ல முடியும்? கோபப்படாதீங்க.

— யார் கோபப்பட்டா? தள்ளி உட்காரு, அரத்தைப் போடறேன். தூள் மேல படும்.

— படட்டும். வீட்டுக்குப் போய்த் துணியை உதறலாம். அந்த ஒரு வேலையாவது இருக்கும்.

— ஏன், வீட்ல...

— வீட்ல யார் இருக்கா? நானும் ஃபிரிட்ஜும். அதுதான் அப்பப்ப ஏதாவது முனகும்.

— எனக்கு அதுவும் ரிப்பேர்.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல.

— பக்கத்துக் கடைக்காரர்தான் சிரிக்கறார். விவாகரத்துக்கு முன்னாடி நாம இப்படி ஒண்ணா உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லையாம்.

— அவருக்கு வேற வேலை இல்ல.

— ஆமா, இதென்ன பாய்? ராத்திரி இங்கயா படுக்கறீங்க? மாடியில அறை இருக்குல்ல?

— இருக்கு. படியேற மனசு வரல. கதவைத் திறந்தா யாரும் இல்லன்னு தெரியும்ல... இங்கன்னா மரமாவது கிடக்கு.

— ம்.

— அதை எதுக்கு எடுக்கற? அது பெரிய பல்லு வச்ச அரம். கீழ வை.

— முன்னெல்லாம் இதுலதானே இழுத்தீங்க?

— அப்ப மரம் கட்டையா இருந்துச்சு. இப்ப அதைப் போட்டா ஒரே இழுப்புல கதை முடிஞ்சிடும். இனிமே பொடிப்பல்லுதான்.

— நம்ம பொண்ணு கையும் இதே அளவுதானா? நல்லாத் தெரியுமா உங்களுக்கு?

— சமையல்கட்டுல ரெண்டு பேரும் கையோட கை வச்சுப் பார்த்துக்குவீங்களே. நகம் வரைக்கும் ஒரே அளவு. அதனாலதானே அவ கிடாருக்கு அளவு பார்க்க உன்னைக் கூப்பிட்டேன்?

— அதனாலதான் கூப்பிட்டீங்க.

— பின்ன?

— ஒண்ணுமில்ல. நீங்க தேய்ங்க.

— ...இந்தா. இப்பப் பிடிச்சுப் பாரு.

— ம்... இன்னும் கொஞ்சம்...

— இதுக்கு மேல எடுத்தா உள்ள இருக்கற இரும்புக் கம்பி வெளிய வந்துடும். அப்புறம் இந்தக் கழுத்தைத் தூக்கிக் குப்பையிலதான் போடணும்.

— அப்ப புதுசா ஒண்ணு ஆரம்பிப்பீங்களா?

— என்ன கேள்வி இது? உண்மையைச் சொல்லு. முட்டுதா? இங்க பாரு. என்னைப் பாரு.

— முட்டல. ரொம்ப நாளாவே முட்டல.

— அப்புறம் ஏன் இப்படி...

— இது முடிஞ்சா என்ன செய்வீங்க? தந்தி கட்டுவீங்க, பெட்டியில வைப்பீங்க, எப்பம்மா வர்றன்னு அவகிட்டக் கேட்பீங்க. அவ வரப்போறதில்லங்க. வாசிக்கறதையே விட்டுட்டா. பழைய கிடாரைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டா. அப்பாகிட்டச் சொல்லாத, தாங்கமாட்டார்ன்னா. ஏதாவது பேசுங்களேன். திட்டவாவது செய்யுங்க!

— என்கிட்ட அவளே சொல்லிட்டா.

— என்னது? எப்ப?

— இந்த மரத்தை வாங்கறதுக்கு முன்னாடியே. வேற என்ன சொல்லி உன்னைக் கூப்பிடறதுன்னு தெரியல.