சாணியள்ளச் சொன்ன குரல்

— அந்தப் போனு இப்ப என்னலே சொல்லுச்சு, தவசி?

— “அனுசியா, சாணியள்ளிப் போடு”ன்னுச்சு. வந்ததும் வராததுமா ஏன்க்கா கத்துற? உக்காரு.

— அது நம்ம அம்மா குரலுலே! அம்மா செத்து வருசம் திரும்பிருச்சு. செத்தவ வந்து சாணியள்ளச் சொல்றாளா?

— இந்தா பாருக்கா, அம்மா சொன்னாத்தான் அனுசியாவுக்குக் கை ஓடும். அம்மா இருக்கையிலயே அந்தப் போனுல பேசி வச்சதுதான? பல்லு வெளக்கு, கேஸ் அடுப்ப அமத்து, பஸ்ஸுக்குக் கெளம்புன்னு. நான் கொஞ்சம் கூட்டிருக்கேன். அம்புட்டுத்தான்.

— ஒரு வேலைய முடிச்சா அடுத்த வேலை மறந்துரும் புள்ளைக்கு. அவ தனியாப் பொழைக்கணும்னு அம்மா பேசி வச்சா. அதக் கேட்டுக்கிட்டே பஸ்ஸேறி அருப்புக்கோட்டை போயி, பை தைக்கிற எடத்துல வேலை பாத்துட்டுத் தன்னால வீடு வந்து சேந்தா. நீ இந்தச் சாணிப் பேச்ச எங்கருந்துலே புடிச்ச?

— டவுனுல ஒரு பயகிட்டக் குடுத்தேன். அம்மாவோட பழைய பேச்சப் போட்டா, நாம எழுதிக் குடுக்கிறத அதே குரல்ல பேச வைக்கிறான். அச்சு அசல் அம்மாதான்!

— தூ! பெத்தவ தொண்டையப் புடுங்கித் தங்கச்சிய ஏவுறியே, ஒனக்கு அருவருப்பா இல்லையா? எனக்குக் கொமட்டிக்கிட்டு வருதுலே.

— இந்தா பாரு, கொமட்டுனா வெளிய போயி வாந்தியெடு. மாடு கன்னையெல்லாம் எம்பொண்டாட்டி ஒருத்தியே பாக்க முடியுமா?

— அதுக்காகப் புள்ள வேலைக்குப் போறத நிப்பாட்டிட்டியா?

— நான் எங்க நிப்பாட்டுனேன்? போனுதான் இப்பப் பஸ்ஸப் பத்திப் பேசுறதில்ல.

— சிரிக்க வேற செய்யிறியா, நாறப்பயலே! ஏட்டி அனுசியா, அந்தக் கூடையக் கீழ வச்சுட்டு இங்க வா.

— கையெல்லாம் சாணிக்கா.

— போயிக் கழுவேன்டி.

— போனு சொல்லாமக் கழுவுனா அண்ணன் வையும்.

— கேட்டியாலே தவசி? ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுசன்! அனுசியா, எடுடி துணிமணிய. மல்லாங்கிணத்துக்கு, எம்வீட்டுக்கு எங்கூட வந்துரு. இனி பஸ்ஸும் வேணாம், பை தைக்கவும் வேணாம். நம்ம இட்லிக் கடையில இரு. இதக் கழுவு, அத எடுன்னு அக்கா சொல்லுவேன். நீ கேட்டுக்கிட்டாப் போதும்.

— அப்பிடிச் சொல்லு! பாத்திரம் கழுவ ஆளு இல்லன்னு போன வாரந்தான போனுல பொலம்புன?

— வாய மூடுலே. ஒன்னைய மாதிரி ஈனப் பொழப்பா பொழைக்கிறேன்?

— அக்கா, நான் வரல. நாளைக்குப் பை தைக்கப் போறேன்.

— போனு சொல்லாம எப்பிடிடி போவ?

— பஸ்ஸுல ஏறி உக்காருவேன். பெரிய தண்ணித் தொட்டி தெரிஞ்சதும் எந்திரிப்பேன். எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சா இத்தன நாளு ஏன்டி போகல? போனுல அம்மாதான் பேசுதுன்னு நம்பிட்டியா?

— இல்லக்கா. அண்ணன் அடிக்கும்னு சாணியள்ளுனேன். அம்மான்னா, எந்த வேலை சொன்னாலும் மொதல்ல “சாப்ட்டியா”ன்னு கேக்கும். போனு கேக்கல. நீயும் வந்ததுலருந்து கேக்கல.